எலி சொல்வதும் செல் சொல்வதும்: எலன் ஃபிரிட்ஷேயின் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ரசாயனம் வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளையைக் கெடுக்குமா? அதை எலியிடம் கேட்காமல், தட்டில் வளர்க்கும் மனிதச் செல்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரத்தில் இந்தக் கேள்வியோடு ஏறத்தாழ இருபது வருடம் மல்லுக்கட்டியவர் எலன் ஃபிரிட்ஷே. இந்தத் துறையைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில் தேவைப்பட்டது, சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

யார் இந்த எலன் ஃபிரிட்ஷே?

மருத்துவம் படித்துவிட்டு நச்சியலுக்கு வந்தவர். டூசல்டார்ஃபில் லைப்னிட்ஸ் சுற்றுச்சூழல் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் நீண்ட காலம் குழுத் தலைவராக இருந்தார். 2024 முதல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உள்ள மனித நச்சியல் மையத்தின் இயக்குநர். 2022-ல் ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளை விலங்கு நலனுக்காகத் தரும் உர்சுலா ஹேண்டல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பரிசின் பெயரைப் பார்த்ததும் விலங்குகள் மீது இரக்கப்பட்டு இந்த வேலைக்கு வந்தவர் என்று தோன்றும். இரக்கம் இருக்கலாம். ஆனால் அவருடைய கட்டுரைகளில் முன்னால் நிற்கும் வாதம் வேறு: எலிச் சோதனை ரொம்ப மெதுவானது, அது தரும் பதிலும் மனிதக் குழந்தைக்கு எவ்வளவு பொருந்தும் என்று தெரியாது. விலங்கு வதை பற்றிய வாதத்தைவிட எனக்கு இது வலுவானதாகப் படுகிறது. விலங்குகளைப் பற்றிக் கவலைப்படாத ஆளும் இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

'வளர்ச்சிநிலை நரம்பு நச்சு' என்றால் என்ன? மற்ற விஷத்திலிருந்து அது எப்படி வேறு?

மூளை கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், அதாவது கருவிலும் குழந்தைப் பருவத்திலும், அந்த வேலையைக் குலைக்கிற பொருள். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட இங்கே கெடுதல் செய்யலாம்.

நெல் போட்டவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் மிஞ்சுவது பதர்தான். அறுப்புக்கு முந்தைய பத்து நாளோ, நாமே தண்ணீரை வடித்துவிடுகிறோம். வயல் அதேதான், பத்து நாளும் அதேதான், மாறியது பருவம். மூளைக்கும் பருவங்கள் உண்டு. செல்கள் பெருக ஒரு காலம், இருக்க வேண்டிய இடத்துக்கு நகர ஒரு காலம், நரம்புச் செல்லாக மாற ஒரு காலம், ஒன்றோடொன்று இணைய ஒரு காலம். எந்தப் பருவத்தில் அடி விழுகிறதோ அதைப் பொறுத்து ஊனம் மாறும். பெரும்பாலும் திருப்பிச் சரிசெய்யவும் முடியாது.

இதற்கு உலகம் கொடுத்த விலை ஜப்பானின் மினமாட்டா. 1956-ல் அந்தக் கடலோர ஊரில் விநோத நோய் ஒன்று அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மக்களுக்குப் போயிருந்தது. தாய்மார்கள் பலருக்கு லேசான அறிகுறிதான், ஆனால் அவர்கள் பெற்ற பிள்ளைகளில் பலர் கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தார்கள். நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று அன்றைய மருத்துவம் நம்பிக்கொண்டிருந்தது. உண்மையைக் காட்டிக்கொடுத்தது தொப்புள்கொடி. ஜப்பானிய வீடுகளில் குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்ன மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். நம் பக்கம் சில வீடுகளில் அதைத் தாயத்தில் அடைத்துக் கட்டுவதில்லையா, அதைப் போலத்தான். மருத்துவர் ஹராடா மசாசுமி அந்தக் கொடிகளைத் திரட்டிப் பாதரசத்தை அளந்தார். பிள்ளை பிறந்து பல வருடம் கழித்தும் சாட்சி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

இப்படிப்பட்ட ரசாயனங்கள் எத்தனை இருக்கின்றன?

உறுதியாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். சுற்றுச்சூழல் மருத்துவ ஆய்வாளர்களான ஃபிலிப் கிரான்ஜானும் ஃபிலிப் லாண்ட்ரிகனும் 2006-ல் ஐந்தைப் பட்டியலிட்டார்கள்: ஈயம், மெத்தில் பாதரசம், ஆர்சனிக், பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி, பெயின்டில் கலக்கும் டொலுவீன். 2014-ல் இன்னும் ஆறு சேர்ந்தன: மாங்கனீசு, ஃபுளோரைடு, பூச்சிமருந்துகளான குளோர்பைரிபாஸ், டிடிடி, டிரை கிளீனிங்கில் பயன்படும் டெட்ராகுளோரோஎத்திலீன், தீப்பிடிக்காமல் இருக்க சோபா பஞ்சிலும் டிவி பெட்டியிலும் கலந்த பிபிடிஇ வகை. ஆக மொத்தம் பதினொன்று.

சந்தையில் பல்லாயிரம் ரசாயனங்கள் இருக்கும்போது பதினொன்றுதானா என்று நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். மூளை வளர்ச்சிக்காகத் தனியாக விலங்குச் சோதனை செய்யப்பட்ட பொருள்கள் இருநூறைக்கூட எட்டவில்லை. மீதியெல்லாம் 'பாதுகாப்பானது' என்ற கணக்கில் இல்லை, 'யாரும் பார்க்கவில்லை' என்ற கணக்கில் இருக்கின்றன.

இந்தப் பட்டியலின் தலையில் இருப்பவை எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்றும் கவனியுங்கள். பாதரசத்தைக் காட்டியது மினமாட்டாவின் பிள்ளைகள். குறைந்த அளவு ஈயமும் கெடுதல் என்பதைக் காட்டியது, மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிய பால் பற்கள். நம் ஊரில் கூரை மேல் எறிந்திருப்போம். அவர் அவற்றில் ஈயத்தை அளந்தார். ஈயம் அதிகமிருந்த பற்களின் சொந்தக்காரர்கள் அறிவுத்திறன் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள் என்று 1979-ல் வெளியிட்டார். ஆய்வகத்தில் முதலில் தெரிந்து, பிறகு குழந்தைகளைக் காப்பாற்றிய கதை இல்லை இது. வரிசை தலைகீழாகத்தான் நடந்திருக்கிறது.

எலிச் சோதனையை எப்படி நடத்துகிறார்கள்?

பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2007-ல் இதற்கு ஒரு வழிமுறை வெளியிட்டது. எண் 426. அதற்கு முன்பே, 1998-ல், அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமைக்கு ஒன்று இருந்தது. சாரம் இதுதான்: கர்ப்பத்தில் கரு பதியும் ஆறாம் நாளிலிருந்து, குட்டி பிறந்து பால் மறக்கும் 21-ஆம் நாள் வரை தாய் எலிக்குத் தினமும் சோதிக்க வேண்டிய ரசாயனம். பிறகு குட்டிகளின் ஓட்டம், சத்தத்துக்குத் திடுக்கிடுவது, கற்பது, நினைவில் வைப்பது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கடைசியில் மூளையை எடுத்து, எடை போட்டு, சீவல் சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் அளக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வெவ்வேறு அளவுகள், ரசாயனம் கொடுக்காத ஒரு குழு, ஆக நான்கு. ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 ஈற்றுகள். நான்கு இருபது எண்பது தாய்கள். ஒரு ஈற்றுக்கு நான்கு ஆண், நான்கு பெண் என எட்டுக் குட்டிகளை வைத்துக்கொண்டால் 640. ஈன்ற பிறகு கழித்துவிடும் குட்டிகளையும், கர்ப்பம் தரிக்காத எலிகளையும், முன்னோட்டச் சோதனைகளையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஒரே ஒரு ரசாயனத்துக்கு இவ்வளவு. செலவு மில்லியன் டாலர் கணக்கில் பேசப்படுகிறது. முடிய ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். பல்லாயிரம் ரசாயனங்களை இந்த வழியில் சோதித்து முடிக்க நம் பேரப்பிள்ளைகளின் காலமும் போதாது.

சரி, நேரமும் பணமும் செலவழித்து நடத்திவிட்டால் பதிலாவது தெளிவாகக் கிடைக்குமா?

அங்கேதான் குளோர்பைரிபாஸ் கதை வருகிறது. நம் ஊர் உரக்கடைகளிலும் பழக்கமான பூச்சிமருந்துதான். தயாரிப்பாளர் பணத்தில் 1990-களின் கடைசியில் எலிச் சோதனை நடந்தது, மூளை வளர்ச்சிக்குத் தனிப்பட்ட கெடுதல் இல்லை என்று அறிக்கை போனது, அரசுகளும் ஏற்றுக்கொண்டன. இருபது வருடம் கழித்து, 2018-ல், ஸ்வீடனின் ஆக்சல் மீயும் கிறிஸ்டினா ருடேனும் கிரான்ஜானும் மூலத் தரவை வாங்கிப் பார்த்தார்கள். குட்டிகளின் சிறுமூளை உயரம் மிகக் குறைந்த அளவிலேயே குறைந்திருந்தது. அந்தக் குறைவு அறிக்கையின் முடிவில் வரவே இல்லை. 2019-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்த மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வகுக்க முடியாது என்றது. 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது நின்றது.

அவர்களில் மீயும் ருடேனும் 2023-ல் வேறொன்றையும் வெளியிட்டார்கள். பூச்சிமருந்து நிறுவனங்கள் அமெரிக்க முகமைக்குக் கொடுத்த 35 மூளை வளர்ச்சிச் சோதனைகளில் 9 ஐரோப்பிய அதிகாரிகளின் கைக்குப் போகவே இல்லை. எலியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, எலி சொன்னதைத் தூக்கி ஓரமாக வைத்தது மனிதர்கள்தான். தட்டில் செய்யும் சோதனைக்கும் இதே ஆபத்து உண்டு என்பதை இந்தத் துறையின் ரசிகர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

எலி மூளைக்கும் மனித மூளைக்கும் அவ்வளவு வித்தியாசமா?

அடிப்படை ஒன்றுதான். ஆனால் நேரம் வேறு. மனித மூளை வேகமாகப் பெரிதாகும் கட்டம் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொடங்குகிறது. எலிக்கு அது பிறந்த பிறகு. அதாவது மனிதப் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வழியாக வரும் பொருள், அதே கட்டத்தில் எலிக்குட்டிக்குத் தாய்ப்பால் வழியாகத்தான் வர வேண்டும். பாலில் இறங்காத பொருளாக இருந்தால்?

செல்லுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. இதைக் காட்டியதில் ஃபிரிட்ஷேயின் குழுவுக்குப் பங்கு இருக்கிறது. புகையிலும் கரியிலும் வரும் சில சேர்மங்கள் செல்லில் ஏஎச்ஆர் என்ற ஏற்பி வழியாக வேலை செய்கின்றன. சுண்டெலியின் நரம்பு முன்னோடிச் செல்களில், அதாவது பின்னால் நரம்புச் செல்லாக மாறப்போகும் இளம் செல்களில், அந்த ஏற்பி இருந்தது, அவை பாதிக்கப்பட்டன. மனித முன்னோடிச் செல்களில் அது இல்லாததால் அவை அசையவில்லை. 2010-ல் வந்த ஆய்வு இது. எனக்கு இது பிடிக்கக் காரணம், எலியைவிட மனிதன் கெட்டியாக இருக்கும் இடத்தையும் மறைக்காமல் சொல்கிறது.

எதிர்ப்பக்க உதாரணம் எல்லோருக்கும் தெரியும்: தாலிடோமைடு. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் ஜெர்மனியில் 1957 முதல் 1961 வரை விற்ற மாத்திரை. கைகால் வளராத ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்தார்கள். எலியிலும் சுண்டெலியிலும் அந்தக் கொடுமை சரியாகத் தெரியாது, சில முயல் இனங்களில் தெரியும். அந்த நிறுவனம் இருந்த ஷ்டோல்பெர்க் ஊர் டூசல்டார்ஃப் இருக்கும் அதே மாநிலத்தில்தான். அந்தப் பகுதியில் நச்சியல் படிக்கும் யாருக்கும் அது பாடப்புத்தகக் கதையாக மட்டும் இருக்காது.

தட்டில் சரியாக என்னதான் செய்கிறார்கள்?

நியூரோஸ்பியர் சோதனை என்று பெயர். மனித நரம்பு முன்னோடிச் செல்கள் திரவத்தில் மிதந்தபடி தாமாகவே உருண்டையாகச் சேரும். விட்டம் 0.3 மில்லிமீட்டர், ரவைக்குருணையைவிடப் பொடி. உருண்டை பெரிதானால் நடுவில் உள்ள செல்களுக்குக் காற்றும் சத்தும் போகாது. அதனால் திசு வெட்டும் சிறு கருவியில் பிளேடு வைத்துத் துண்டு போடுகிறார்கள், ஒவ்வொரு துண்டும் மறுபடி உருண்டையாகிவிடும். இது வரைக்கும் 'பெருகுதல்'. ரசாயனம் சேர்த்தால் உருண்டை வளர்கிறதா, நின்றுவிடுகிறதா என்று அளக்கலாம்.

அப்புறம்தான் சுவாரசியம். வளர்ச்சிக் காரணிகளை நிறுத்திவிட்டு, லாமினின் என்ற புரதம் பூசிய தட்டில் ஒரு உருண்டையை வைக்கிறார்கள். ஒரு நாளுக்குள் விளிம்பிலிருந்து செல்கள் வெளியே கால் நீட்டத் தொடங்கும். முதலில் நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கும் கிளியா செல்கள், கதிர் கதிராக. அவற்றின் மேல் ஏறிக்கொண்டு இளம் நரம்புச் செல்கள். ஐந்தாம் நாள் சாயமேற்றிப் பார்த்தால் நடுவில் ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் சூரியகாந்திபோல விரிந்த வட்டம். கருவின் மூளையிலும் இளம் நரம்புச் செல்கள் இப்படித்தான் கிளியாவைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து மேற்பரப்புக்கு ஏறுகின்றன. கொடிக்குப் பந்தல்கால் போல.

இனி எல்லாம் அளவு. வட்டம் எவ்வளவு தூரம் விரிந்தது, நூறு செல்லில் எத்தனை நரம்புச் செல் ஆனது, நரம்புக்கு உறை போடும் ஒலிகோடென்ட்ரோசைட் எத்தனை, நரம்பிழையின் நீளம் என்ன. முன்பு ஆள் உட்கார்ந்து எண்ணினார்கள். இப்போது கேமராவும் மென்பொருளும் எண்ணுகின்றன. ஒம்னிஸ்ஃபியரோ என்று அதற்கென்றே ஒரு மென்பொருளை அந்தக் குழு எழுதியது.

ஒரு நிஜ உதாரணம் சொல்லுங்கள்.

முன்னே சொன்ன தீத்தடுப்பு ரசாயனம் பிபிடிஇ. அதில் இரண்டு வகையை இந்த உருண்டைகளுக்குக் கொடுத்தபோது நகரும் தூரம் குறைந்தது, நரம்புச் செல்லும் ஒலிகோடென்ட்ரோசைட்டும் குறைந்தன. அதோடு நிற்காமல் தைராய்டு ஹார்மோனைக் கூடவே சேர்த்துப் பார்த்தார்கள். பாதிப்பு தணிந்தது. ஆக அந்த ரசாயனம் எங்கே கை வைக்கிறது என்பதற்கும் ஒரு துப்பு கிடைத்தது. நினைவைச் சோதிக்கும் தண்ணீர்த் தொட்டியில் எலி வழி தவறுவதைப் பார்த்து 'ஏதோ கெட்டிருக்கிறது' என்று சொல்லலாம், 'எது' என்று சொல்வது கஷ்டம். தட்டின் பலம் அந்த 'எது'.

இன்னொன்று கொஞ்சம் எதிர்பாராதது: பச்சைத் தேநீர். அதிலுள்ள இஜிசிஜி என்ற பொருள் லாமினினைப் போய் ஒட்டிக்கொள்கிறது. செல்லுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. கிளியா செல்கள் வரிசை கலைந்து, அவற்றைப் பிடித்து ஏற வேண்டிய நரம்புச் செல்கள் குறைந்தன. 2017-ல் வெளியானது.

அய்யோ, கர்ப்பிணிகள் பச்சைத் தேநீர் குடிக்கக் கூடாதா?

ஒரு கோப்பைக்குப் பயப்பட வேண்டாம். ஆய்வாளர்களின் கவலை, இதே பொருளைச் செறிவாக்கி 'இயற்கையானது' என்று டப்பாவில் விற்கும் மாத்திரைகள்மீது. இயற்கையானது என்பதாலேயே கருவுக்கு நல்லது என்று எந்த விதியும் இல்லை. ஆர்சனிக்கும் இயற்கைதான்.

இந்த ஒரு சோதனையே போதுமா?

போதாது. அவரும் அப்படிச் சொல்லவில்லை. மூளை உருவாகும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சோதனை வைத்து, எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாக நடத்துவதுதான் திட்டம். டூசல்டார்ஃப் உருண்டைகள் பெருகுதல், நகர்தல், மாறுதல் ஆகியவற்றைப் பார்க்கும். கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்செல் லைஸ்டின் குழு, நரம்பு முகட்டுச் செல்கள் (கருவின் நரம்புக்குழாய் ஓரத்திலிருந்து கிளம்பும் செல்கள்) நகர்வதையும் நரம்பிழை நீள்வதையும் பார்க்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையில் டிமோத்தி ஷேஃபரின் குழு, மின்முனைகள் பதித்த தட்டில் நரம்புச் செல்கள் வலைப்பின்னலாகி ஒன்றாகத் துடிப்பதைப் பதிவுசெய்யும். இப்படிச் சேர்ந்தவை பதினேழு. ஏதாவது ஒன்றிலாவது, செல் சாகாத அளவிலேயே கோளாறு காட்டினால் அதுதான் சிவப்பு விளக்கு. செல்லே செத்துப்போகும் அளவில் கோளாறு வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, எதைக் கொட்டினாலும் அது நடக்கும்.

எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்காக 119 பொருள்களைச் சோதித்து 2020-ல் அறிக்கை கொடுத்தார்கள். அதில் ஏற்கெனவே நச்சு என்று தெரிந்தவற்றில் சுமார் 83 சதவீதத்தைத் தொகுப்பு பிடித்தது. தீங்கற்றவை என்று தெரிந்தவற்றில் சுமார் 88 சதவீதத்தைச் சரியாக விட்டுவிட்டது.

நல்ல எண்கள்தான். ஆனால் தெரிந்த நச்சுகளில் ஆறில் ஒன்று கையிலிருந்து நழுவியது என்றும் இதைப் படிக்கலாம். தவிர, ஒப்பிட வைத்திருக்கும் 'உறுதியாகத் தெரிந்த' பட்டியலே சின்னது. சின்னப் பட்டியலில் எடுத்த மதிப்பெண்ணைப் பெரிய உலகத்துக்கு நீட்டும்போது நிதானம் வேண்டும்.

தட்டில் எது இல்லை?

கல்லீரல் இல்லை. குளோர்பைரிபாஸ் தன்னளவில் சாது, கல்லீரல் அதை மாற்றிய பிறகு வரும் 'ஆக்சன்' (oxon) வடிவம்தான் கொடுமையானது. கல்லீரல் இல்லாத தட்டில் அந்தப் பக்கம் தெரியாமல் போகலாம். நஞ்சுக்கொடி இல்லை, ரத்த ஓட்டம் இல்லை, மூளையின் காவல்காரர்களான மைக்ரோகிளியா பெரும்பாலும் இல்லை. குழந்தை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து கவனிக்குமா என்பதைச் சொல்லவும் தட்டால் முடியாது.

இன்னொரு சிக்கல் அளவு. தட்டில் ஒரு லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்றால், தாய் சாப்பிட்ட கத்தரிக்காயில் எத்தனை மில்லிகிராமுக்கு அது சமம்? இதற்குக் கணினி மாதிரிகள் இருக்கின்றன. உடலில் பொருள் எங்கே போகிறது, எவ்வளவு தங்குகிறது என்று கணக்கிட்டுப் பின்னோக்கிப் போவார்கள். துறையில் இப்போது நடக்கும் உண்மையான சண்டைகளில் பாதி இந்தக் கணக்கில்தான் என்று சொல்வேன். செல்கள் பேசிவிட்டன, மொழிபெயர்ப்பில்தான் தகராறு.

இது 'விலங்கே இல்லாத' சோதனையா?

முழுக்க இல்லை. மின்முனைத் தட்டில் துடிக்கும் அந்த வலைப்பின்னல், பிறந்த எலிக்குட்டியின் மூளைப் புறணியிலிருந்து எடுத்த செல்கள். உருண்டை ஒட்டிக்கொள்ளும் லாமினினும் ஆய்வகங்களில் பெரும்பாலும் சுண்டெலிக் கட்டியிலிருந்து பிரித்ததுதான். பிரிட்டிஷ் அறிஞர்கள் ரஸலும் பர்ச்சும் 1959-ல் சொன்ன மூன்று கொள்கைகள் 'மாற்று, குறை, மென்மையாக்கு'. இங்கே நடப்பது கொஞ்சம் மாற்று, நிறையக் குறைப்பு. ஆயிரம் எலியிலிருந்து சில குட்டிகளுக்கு வந்தது சின்ன விஷயமில்லை, ஆனால் விளம்பரத்தில் பூஜ்யம் என்று போடக் கூடாது.

மனிதச் செல்கள் எங்கிருந்து வருகின்றன?

சங்கடமான கேள்வி, கேட்க வேண்டியதும்கூட. ஆரம்ப ஆய்வுகளில் பயன்பட்டவை, சட்டப்படி நிறுத்தப்பட்ட கர்ப்பங்களின் கருத்திசுவிலிருந்து தாயின் ஒப்புதலோடு எடுத்து, நிறுவனங்கள் விற்றவை. மத நம்பிக்கை காரணமாகவோ வேறு காரணத்தாலோ இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அதைக் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது: ஒவ்வொரு கொடையாளியின் செல்லும் ஒவ்வொரு மாதிரி, இருப்பும் தீர்ந்துபோகும். இதற்கு வழி திறந்தது ஷின்யா யமனாகா. பெரியவர்களின் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய தண்டுச் செல்லாக்கும் வித்தையை 2006-ல் சுண்டெலியிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் செய்துகாட்டினார். அந்த வகைச் செல்களிலிருந்து உருண்டைகள் செய்யும் வேலையில் ஃபிரிட்ஷேயின் குழுவும் இறங்கியது.

இந்த உருண்டை யோசிக்குமா? வலிக்குமா?

இல்லை. தட்டில் ஐந்து நாள் மட்டும் விரியும் செல்கூட்டம் இது. உணர்வு பற்றிய விவாதம், மாதக்கணக்கில் வளர்க்கும் பெரிய மூளை ஆர்கனாய்டுகளை, அதாவது செல்களிலிருந்து வளர்த்த குட்டி உறுப்பு மாதிரிகளைப் பற்றியது. அது தனிக் கதை.

அரசுகள் ஏற்றுக்கொண்டுவிட்டனவா?

பாதி தூரம். 2023-ல் ஓஇசிடி இந்தத் தொகுப்பின் தரவை எப்படிப் படிக்க வேண்டும் என்று முதல்கட்டப் பரிந்துரைகளை வெளியிட்டது. அதற்கு முன், 2021-ல், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்தை எடுத்து, தட்டுச் சோதனை, விலங்குச் சோதனை, மனித ஆய்வு மூன்றையும் ஒரே சரட்டில் கோத்துப் பார்த்தது. கொசுவலையில் ஏற்றுவதும் எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸில் இருப்பதும் இந்த வகை மருந்துகள்தான். நரம்புச் செல்லின் சோடியம் வாயிலைக் கெடுப்பதில் தொடங்கி, நடத்தைக் கோளாறு வரை படிப்படியாக ஒரு பாதை வரைந்தார்கள். இப்படிப் பாதை வரைவதுதான் இப்போது அதிகாரிகளுக்குப் புரியும் மொழி. செல்லில் ஒரு புள்ளி குறைந்தது என்றால் அவர்கள் 'அதனால் என்ன?' என்பார்கள்.

இந்தியாவில் என்ன நிலை?

அழகுசாதனப் பொருள்களை விலங்கில் சோதிப்பதை இந்தியா 2014-ல் தடை செய்தது. 2023-ல் புது மருந்து விதிகளைத் திருத்தி, செல் வளர்ப்பு, ஆர்கனாய்டு, கணினி மாதிரி போன்ற முறைகளுக்கும் இடம் கொடுத்தது. ஆனால் இந்தப் பக்கம் சொன்ன கவலைகளின் மையம் பூச்சிமருந்து. அது வேறு சட்டம், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். மருந்து விதியில் வந்த மாற்றம் தானாக அங்கே பாயாது.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். இதையெல்லாம் படித்தால் பயம்தான் வருகிறது.

பெயர் தெரியாத ஆயிரம் ரசாயனத்துக்குப் பயந்து தூக்கம் கெடுவதைவிட, தெரிந்ததைத் தவிர்ப்பது லாபம். ஈயம் முதல் எதிரி. பழைய பெயின்டைச் சுரண்டும் வேலை நடக்கும் வீட்டில் இருக்க வேண்டாம். எங்கிருந்தோ வந்த சுர்மாவும் கண்மையும் வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கிறது. பளீரென்று மின்னும் மஞ்சளில் ஈயக் குரோமேட் கலப்படம் பிடிபட்டிருக்கிறது. விரலி மஞ்சளாக வாங்கி அரைப்பது நல்லது, அதிலும் மேற்பூச்சு இருக்கலாம் என்பதால் கழுவிக் காயவைத்து அரையுங்கள். வயலில் மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கம் போக வேண்டாம், மருந்தடித்தவர் சட்டையை நீங்கள் துவைக்க வேண்டாம். மீன் சாப்பிடலாம். சுறா போன்ற பெரிய மீனை விட்டுவிட்டு மத்தி, நெத்திலி என்று சின்ன மீன் பக்கம் போனால் பாதரசம் குறையும். மற்ற சந்தேகங்களை உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள், இந்தப் பக்கத்திடம் வேண்டாம்.

எலிச் சோதனை எப்போதுதான் நிற்கும்?

தேதி யாரும் சொல்ல மாட்டார்கள். இப்போதைக்குத் தட்டுச் சோதனையின் வேலை வரிசை போடுவது: ஆயிரம் பொருளில் எதை முதலில் பார்ப்பது, எதற்கு எலி தேவையே இல்லை, எதைப் பற்றி ஏற்கெனவே இருக்கும் தரவோடு சேர்த்தால் முடிவெடுக்கப் போதும். விலங்குச் சோதனை முடிந்த பழைய பொருளில் சந்தேகம் வந்தால், இன்னொரு ஆயிரம் எலிக்குப் போகாமல் இந்தத் தொகுப்பைக் கேட்கலாம். ஃபிரிட்ஷே தன் ஆய்வக முறைகளைச் சேவையாகத் தர ஒரு சிறு நிறுவனத்தையும் தொடங்கினார். ரசாயனத்தை அனுப்பினால் உருண்டைகள் என்ன சொல்கின்றன என்று அறிக்கை வரும். அந்த அறிக்கையை மேசையில் வாங்கி வைக்கும் அதிகாரி, பக்கத்தில் எலி அறிக்கை எங்கே என்று கேட்கிறாரா இல்லையா என்பதில்தான் இனி எல்லாம் இருக்கிறது.